மேலே எதையும் வைக்கக் கூடாது

என் வீட்டுக்காரருக்கு ஊர் பார்ப்பது என்றால் போர்டு படிப்பது. ஆக்ராவுக்குப் போனபோது வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையை அவர் படித்து முடிப்பதற்குள் நான் உள்ளே போய், தாஜ்மகாலைப் பார்த்து, கால் கடுத்து, வெளியே வந்து வேர்க்கடலையும் வாங்கித் தின்றுவிட்டேன். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுதி ஆணியடித்து மாட்டிவிட்டால் அவருக்கு அது வேதம். 'எச்சில் துப்பாதீர்' என்று எழுதியிருந்தால் இருமலைக்கூட விழுங்கிக்கொள்வார்.

அப்படிப்பட்டவரோடு மும்பையிலிருந்து நாகர்கோவிலுக்குக் கிளம்பினேன். அவர் கையில் ஒரு பட்டியல். அரண்மனை, கோட்டை, தொட்டிப்பாலம், அருங்காட்சியகம், கடலில் பாறை, பாறையில் மண்டபம். ஒவ்வொன்றுக்கும் எதிரே திறக்கும் நேரம், மூடும் நேரம். கடைசியில், என் நச்சரிப்புக்காக, ஒரு வரி சேர்த்திருந்தார்: 'கமலா அம்மாவின் கல்.' அதற்கு எதிரே நேரம் எழுத முடியாமல் கட்டம் காலியாகக் கிடந்தது வண்டி ஏறும் வரை அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

கமலா நான்தான். கல் என்பது சுமைதாங்கிக் கல். தலைச்சுமையோடு சந்தைக்கு நடந்த காலத்தில் வழியோரம் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒன்றைப் படுக்கப் போட்டிருப்பார்கள். நடந்து களைத்தவர்கள் அதில் சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்குவார்கள். பிள்ளைத்தாச்சியாக இருந்து செத்துப்போனவளின் நினைவாகத்தான் பெரும்பாலும் அதை நடுவது. வயிற்றுச் சுமையை இறக்காமல் போனவள் அல்லவா, ஊரார் சுமை அந்தக் கல்லில் இறங்க இறங்க அவள் சுமையும் குறையும் என்பது நம்பிக்கை.

என் அம்மா பகவதி ஒன்பதாம் மாதத்தில் போய்ச் சேர்ந்தாள். எனக்கு அப்போது இரண்டு வயது. அப்பா கடியப்பட்டணத்திலிருந்து திங்கள்சந்தைக்குப் போகிற வழியில் ஒரு சுமைதாங்கி போட்டார். கடமை முடிந்தது என்று வேறு கல்யாணம் செய்துகொண்டு மலைத்தோட்டத்து வேலைக்குப் போனார். அம்மாவின் தங்கை என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மும்பைக்கு ரயில் ஏறினாள். அந்தச் சித்திதான் என்னை வளர்த்தது.

சித்தி எனக்கு அம்மாவைப் பற்றிச் சொன்னதெல்லாம் திட்டுகிற சாக்கில் சொன்னதுதான். "ஒங்கம்மை அங்க கல்லா நிண்ணு ஊருக்க சொமையெல்லாம் தாங்குகா. ஒனக்கு ஒரு கொடம் வெள்ளம் எடுத்திட்டு வர மேலு வலிக்கோ?" என்பாள். மாட்டுங்காவில் மாடிப்படி ஏறி ஏறித் தண்ணீர் சுமந்தபோதெல்லாம் எங்கேயோ ஒரு ரோட்டோரத்தில் அம்மாவும் என்னைப்போலவே மாட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்கு ஒரு ஆறுதல். இருந்தும் இத்தனை வருடமாக வந்து பார்க்கவில்லை. காரணங்கள் நிறைய இருக்கின்றன, ஒன்றும் உருப்படியான காரணம் இல்லை.

போன மாதம் சித்தி மகள் செல்வராணி போன் செய்தாள். "எக்கா, அந்த ரோட்ட அகலமாக்கியாச்சு. பஸ்ஸில போவும்போ எட்டி எட்டிப் பாத்தேன், பெரியம்மைக்க கல்லக் காணல." அவ்வளவுதான். அன்றைக்கே டிக்கெட் போடச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினோம். செல்வராணியின் வீடு வடசேரியில். என்னோடு ஒரே பாயில் படுத்து மும்பையில் வளர்ந்தவள், கல்யாணமாகி இங்கே வந்து நாற்பது வருடத்தில் அவள் பேச்சு ராகம் போட ஆரம்பித்துவிட்டது. பாதி புரியவில்லை. என் வீட்டுக்காரருக்கு முக்கால்வாசி புரியவில்லை. கும்பகோணத்துக்காரர். அவரும் அவளும் ஒரே மொழிதான் பேசுகிறார்கள் என்று அரசாங்கம் சொல்கிறது.

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவர் விசாரணையைத் தொடங்கிவிட்டார். "இந்த ஊர்ல பாரம்பரிய ரயில் ஏதாவது ஓடறதா? ஊட்டியில இருக்கே, அந்த மாதிரி?"

செல்வராணி யோசித்தாள். "நீங்க வந்த வண்டியில கக்கூஸ் கதவு அடைச்சுதா அத்தான்?"

"இல்லை. நான் வெளியில நின்னு பிடிச்சுண்டேன்."

"அப்பம் அதும் பாரம்பரியமாக்கும்."

ராத்திரி மரச்சீனிக்கிழங்கும் நெத்திலிக் கறியும் வைத்தாள். மும்பையில் கிடைக்காதது இல்லை. ஆனால் அங்கே கிழங்கு சில்லறை மாதிரி எண்ணிப் போட்டதாக இருக்கும், இங்கே குவித்து வைக்கிறார்கள். சைவரான என் வீட்டுக்காரருக்குத் தயிர்சோறும் அரைச் சீப்பு மட்டிப்பழமும். அவர் கறிச்சட்டிக்கு முதுகைக் காட்டிச் சாப்பிட்டார்.

"முதல்ல கல்லைப் பார்த்துவிடலாம்" என்றேன். "கல் எங்கே போகப்போகிறது? பட்டியல்படி போவோம்" என்றார். எனக்கும் உள்ளூர ஒரு பயம். காணோம் என்று தெரிந்துகொள்ள இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்று சும்மா இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை பத்மநாபபுரம் அரண்மனை. தக்கலை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போய், அங்கிருந்து வெயிலில் நடந்து வாசலுக்குப் போனால் கதவு சாத்தியிருக்கிறது. போர்டு இருந்தது. திங்கட்கிழமை விடுமுறை. நிமிஷம் வரை நேரம் குறித்து வைத்த மனுஷர் கிழமையை விட்டுவிட்டார். ஆனாலும் அவர் முகத்தில் ஏமாற்றம் இல்லை. படிக்க ஒரு போர்டு கிடைத்ததே. பக்கத்தில் ஒரு கேரளத்துக் குடும்பம் எங்களைப்போலவே நின்றது. அந்த அம்மாள் புருஷனைப் பார்த்து, "நான் அப்போதே சொன்னேன்" என்று மலையாளத்தில் சொன்னாள். அந்த வாக்கியத்தை எந்த மொழியில் சொன்னாலும் எனக்குப் புரியும்.

வீணாகப் போகக்கூடாதென்று ஓர் ஆட்டோவைப் பிடித்து மாத்தூர் தொட்டிப்பாலம் போனோம். இரண்டு குன்றுக்கு நடுவே, ஆற்றுக்கு மேலே, ஆகாயத்தில் வாய்க்கால் ஓடுகிறது. "ராஜா காலத்துல கெட்டினதாக்கும்" என்றார் ஆட்டோக்காரர். என் வீட்டுக்காரர் போர்டைப் படித்துவிட்டு வந்து, அப்போது ராஜாவே கிடையாது, சுதந்திரம் வந்து எத்தனையோ வருடம் கழித்துக் கட்டியது என்றார். ஆட்டோக்காரர் அசரவில்லை. "கெட்டினது பொறவு. ராஜா மனசுல நெனச்சிருந்தாரு." இந்த மாவட்டத்தில் பழசாக எது இருந்தாலும் அது ராஜா காலத்துச் சாமான். திரும்பி வரும்போது வழியில் நின்றுபோன அந்த ஆட்டோவும் அப்படித்தான் இருக்க வேண்டும். "பைய எறங்கி ஒரு தள்ளு தள்ளுங்க சாரே" என்றார். மூட்டு வலிக்காரரான என் வீட்டுக்காரரும் நானும் ராஜா காலத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு மேடு ஏறினோம்.

செவ்வாய்க்கிழமை அரண்மனை திறந்திருந்தது. செருப்பை வெளியே விட்டு உள்ளே போனால், ஒவ்வொரு அறையிலும் ஒருவர் நின்று ஒப்பிக்கிறார். ராஜா உட்கார்ந்த இடம், ராஜா படுத்த கட்டில், கட்டிலில் எத்தனை மூலிகை மரம். தரை கறுப்புக் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. முட்டை வெள்ளையும் கொட்டாங்கச்சிக் கரியும் இன்னும் என்னென்னவோ கலந்தது என்றார்கள். அத்தனை முட்டையை உடைத்தவள் யார், கரியை அரைத்தவள் யார் என்று கேட்டேன். ஒப்பிக்கிறவர் ஒரு நொடி நின்று, "ராஜா காலத்துல உள்ளதாக்கும்" என்று சொல்லி அடுத்த அறையைக் காட்டினார். ஆனாலும் பொய் சொல்லக்கூடாது, அந்த மரவேலையைப் பார்த்து நின்றுவிட்டேன். மும்பையில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் ஒரு ஜன்னல்கூடச் சரியாகச் சாத்தாது.

அங்கிருந்து உதயகிரிக் கோட்டை. கோட்டைக்குள் இப்போது மான்கள் இருக்கின்றன. எதிரிகளுக்குப் பயந்து கட்டிய சுவருக்குள்ளே மான் நிற்பது பொருத்தம்தான். ராஜாவோடு சண்டை போட வந்து, தோற்று, பிடிபட்டு, பிறகு அதே ராஜாவின் படைக்குத் தளபதியான ஒரு டச்சுக்காரரின் கல்லறை அங்கே இருக்கிறது. லத்தீனில் ஒரு கல்வெட்டு, தமிழில் ஒரு கல்வெட்டு. என் வீட்டுக்காரர் தமிழைப் படித்துவிட்டு லத்தீனையும் எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தார்.

"புரிந்ததா?"

"புரியணும்னு இல்லை. படிக்கணும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சண்டை போட வந்தவனுக்கு இரண்டு மொழியில் எழுதி, வேலி போட்டு, புல் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளுக்கு ரோட்டோரம் மூன்று கல். அதுவாவது இருக்கிறதா இல்லையா என்று பார்க்க நான் இரண்டு நாளாக மானையும் பாலத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பட்டியலை அவர் கையிலிருந்து பிடுங்கி மடித்துப் பைக்குள் போட்டேன். "நாளைக்கு அம்மா. வேறு ஒன்றும் கிடையாது."

புதன்கிழமை செல்வராணியும் வருவதாக இருந்தது, வீட்டில் மருமகளுக்குக் காய்ச்சல். நாங்கள் இருவர்தான் பஸ் ஏறினோம். சித்தி வாயிலிருந்து கேட்ட அடையாளத்தைக் கண்டக்டரிடம் சொன்னேன். சுமைதாங்கி. அவர் ஒன்றும் யோசிக்காமல் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். எனக்கு அங்கேயே பாதி உயிர் வந்தது. முக்கால் மணி நேரம் போயிருக்கும். "சொமதாங்கி முக்கு எறங்குகவிய எல்லாம் வாங்க!" என்று கத்தினார். ஓர் ஊரே அம்மாவின் கல்லின் பெயரைச் சொல்லி இறங்குகிறது என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இறங்கினால் சுமைதாங்கி டீ ஸ்டால் இருக்கிறது. சுமைதாங்கி மொபைல்ஸ் இருக்கிறது. சுமைதாங்கி பியூட்டி பார்லர் இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகப் படித்தார். கல்லைத் தவிர எல்லாம் இருந்தது.

டீக்கடைக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். சுமைதாங்கி எங்கே என்றதும், ரசவடையைத் தட்டில் போட்டுக்கொண்டே கேட்டார். "சொமதாங்கியா? இதாக்கும் சொமதாங்கி."

"கல் எங்கே?"

"எந்தக் கல்லு?"

"இந்த இடத்துக்குச் சுமைதாங்கி என்று பேர் வந்ததே, அந்தக் கல்."

அவர் ரோட்டின் நடுவே கையைக் காட்டினார். கை காட்டிய இடத்தில் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. "அதோ அங்கண நிண்ணுது. ரோடு போடும்போ ஜேசிபி வெச்சுப் பேத்து ஓடைக்குள்ள தட்டப் போனாவ. அப்பம் ஒரு துபாய்க்காரரு வந்தாரு. பழைய சாமானெல்லாம் சேக்குகவராக்கும். லாரியில ஏத்திட்டுப் போயிட்டாரு. கடற்கரை ரோட்டுல மியூசியம் வெச்சிருக்காரு பாத்துக்கிடுங்க, தங்குகதுக்கு ரூமும் உண்டு."

அந்த ஜேசிபியை ஓட்டியவனை நான் மனசுக்குள் திட்டிய திட்டு மராத்தியில் இருந்தது. துபாய்க்காரரைத் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியவில்லை. வடையைப் பாதியில் வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தோம்.

மியூசியம் ஒரு தென்னந்தோப்புக்குள் இருந்தது. பின்னால் அறைகள், ஒரு நீச்சல்குளம், அதற்குப் பின்னால் கடல். வாசலில் சீருடை போட்ட ஒருவர் நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும், சட்டையில் 'ஜெபின், சூப்பர்வைசர்' என்று குத்தியிருந்தது. அவரே டிக்கெட் கொடுத்து, அவரே கிழித்து, அவரே கூட வந்து விளக்கம் சொன்னார்.

என்னென்ன இருந்தது என்கிறீர்கள்? கலப்பை. உரல். அம்மி. கைப்பிடி வைத்த ரேடியோ. போன வருடம் வரை நான் சட்னி அரைத்ததைப் போன்ற மிக்சி ஒன்று, 'பழங்கால அரவை இயந்திரம்' என்ற சீட்டோடு. ஒரு மேசையில், கம்பி செருகிப் பேச்சு இணைக்கிற டெலிபோன் பலகை. நான் முப்பது வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். அதன் முன்னால் நின்று பழக்கத்தில் கையை நீட்டிவிட்டேன். "தொடாதீங்க மேடம், பழைய காலத்துச் சாமானாக்கும்" என்றார் ஜெபின். என்னையும் பக்கத்தில் ஒரு கயிறு கட்டி நிறுத்தியிருக்கலாம்.

தோப்பின் நடுவே நடைபாதை பிரிகிற இடத்தில் அது இருந்தது.

இரண்டு கால், மேலே ஒரு படுக்கைக் கல். சுற்றிலும் சிவப்புக் கயிறு. கல்லுக்குக் குங்குமப் பொட்டு வைத்து, செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். முன்னால் பித்தளை போர்டு. என் வீட்டுக்காரர் அதை வாய்விட்டுப் படித்தார்: "பகவதி கோயிலின் பழைய தோரண வாயில். மன்னர் காலம். உபயம் நாகலிங்கம். காலணியுடன் அருகில் வரக் கூடாது. மேலே எதையும் வைக்கக் கூடாது."

படித்து முடித்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். நான் கல்லைப் பார்த்தேன். படுக்கைக் கல்லின் விளிம்பில் எழுத்து தேய்ந்து கிடந்தது. 'பகவதி.' கொஞ்சம் தள்ளி, 'உபயம் நாகலிங்கம்.' நாகலிங்கம் என் அப்பா.

நடந்தது இதுதான். கன்னியாகுமரியில் பகவதி என்றால் அம்மன். அந்த அம்மன் பேரையே இந்த மாவட்டத்தில் பாதிப் பெண்பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறார்கள் என்பதைத் துபாயிலேயே இருந்து அந்த மனுஷர் மறந்துபோனார் போல. கல்லில் பகவதி என்று இருந்தது, உபயம் என்று இருந்தது, இரண்டு கால் மேல் ஒரு குறுக்குக் கல் இருந்தது. கோயில் வாசல் என்று முடிவு கட்டிவிட்டார். அது தோள் உயரம்தான் இருக்கிறதே, அந்த வாசலில் அம்மன் தவழ்ந்தா போனாள் என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவுக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்தது. பதவி கிடைத்தவர்களுக்கு ஆவது போலவே வேலையும் இல்லாமல் போயிருந்தது.

சிரிப்புத்தான் முதலில் வந்தது. அடுத்த நொடி அந்தக் கடைசி வரி மூளைக்கு எட்டியது. மேலே எதையும் வைக்கக் கூடாது. சுமை இறங்கினால்தான் அவள் சுமை இறங்கும். அதற்குத்தானே கல்லே போட்டது. பூமாலையும் பொட்டும் வைத்து, கயிறும் கட்டி, ஒன்பது மாதச் சுமையோடு அவளை அப்படியே நிற்க வைத்திருக்கிறார்கள்.

"இது என் அம்மா கல்" என்றேன்.

ஜெபின் மரியாதையாகத்தான் சிரித்தார். "அம்மன் எல்லாருக்கும் அம்மை தான் மேடம்."

"அந்த அம்மன் இல்லை. என்னைப் பெற்ற அம்மா. பகவதி அவள் பேர். நாகலிங்கம் என் அப்பா. இது சுமைதாங்கி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வெயிலில் வருகிறவர்களில் சிலபேர் இப்படிப் பேசுவார்கள் என்று அவருக்கு அனுபவம் இருந்திருக்கும். "வல்ல ஆதாரமும் இருக்கா மேடம்? சர்டிபிகேட்டு வல்லதும்?"

என் வீட்டுக்காரர் அவசரமாகக் கூடவே எடுத்துவந்த காகிதக் கோப்பைத் திறந்து என் ஆதாரை நீட்டினார். அதில் அப்பா பேர் இல்லை, அவர் பேர்தான் இருந்தது. என் ஓய்வூதியப் புத்தகத்தில் நாகலிங்கம் இருந்தது, அது மும்பையில் அலமாரியில் இருந்தது. "நாகலிங்கம்னு இங்க முக்குக்கு ஒருத்தரு உண்டு" என்றார் ஜெபின்.

மறுபடி அந்த ரோட்டோரத்திலேயே கொண்டுபோய் நட முடியுமா என்று கேட்டேன். முதலாளி துபாயில், சித்திரையில்தான் வருவார் என்றார். பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, கெட்ட எண்ணம் இல்லாமல்தான், ஒன்று சொன்னார். "நட்டாலும் யாரு மேடம் சொமை வைக்கப் போறா? இப்பம் எல்லாம் டெம்போலயில்லா போவு."

சண்டை போட வந்த வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டார். யாரோ கூப்பிட, அவர் அலுவலக அறைப் பக்கம் போனதும், தோளில் இருந்த கைப்பையைக் கழற்றினேன். இதையாவது வைத்து எடுத்துவிடுவோம். கயிற்றுக்கு மேலே எட்டினேன்.

"கமலா. போர்டு இருக்கு."

வாழ்க்கையில் எத்தனையோ தடவை இந்த மனுஷர் மேல் கோபம் வந்திருக்கிறது. இந்த அளவுக்கு வந்ததில்லை. "அவள் செத்துப்போகும்போதும் ஏதாவது போர்டு மாட்டியிருந்ததா?" என்று கேட்டேன். நான் கேட்டது அபத்தம். ஆனால் கேட்டுவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. நானும் பையை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டேன். அதற்குள் ஒரு சீப்பும் குடையும் மூட்டுவலித் தைலமும்தான் இருந்தன. அதெல்லாம் ஒரு சுமையா?

அப்போது வாசல் பக்கமிருந்து ஒரு பெண் வந்தாள். என் வயதை நெருங்கியவள். தலையில் சும்மாடு, அதன் மேல் பெரிய அலுமினியச் சருவம், அதிலிருந்து ஐஸ் தண்ணீர் தோளில் சொட்டியது. கழுத்தில் ஜெபமாலை.

"அடுக்களை எங்கண அம்மா? பொறத்த வாசலப் பூட்டிப் போட்டிருக்கு" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் கண் கல்லின் மேல் விழுந்தது. "இது சொமதாங்கியில்லா? இத எதுக்கு மாலையும் போட்டுக் கெட்டி வெச்சிருக்கு?"

இந்த ஊரில் நான் கேட்ட முதல் சரியான வார்த்தை அதுதான். "இறக்கி வையுங்கள்" என்றேன். "தயவுசெய்து இறக்கி வையுங்கள்."

அவள் கயிற்றைப் பார்த்தாள். போர்டைப் பார்க்கத் திரும்பினாள். போர்டு தெரியவில்லை. என் வீட்டுக்காரர் அதன் முன்னால் போய் நின்றுகொண்டிருந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தென்னையில் எத்தனை குலை இருக்கிறது என்று எண்ணுகிறவர் மாதிரி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கயிற்றைத் தாண்டினாள். கல்லோடு ஒட்டி நின்று முழங்காலைக் கொஞ்சம் மடக்கித் தலையைச் சாய்த்தாள். சருவம் தானாக வழுக்கிக் கல்லின் மேல் உட்கார்ந்தது. "எம்மா..." என்று நீளமாக மூச்சு விட்டாள். கழுத்தை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திருப்பிச் சொடக்கு எடுத்தாள்.

சருவத்திலிருந்து தண்ணீர் ஒழுகி விளிம்பில் இருந்த எழுத்தை நனைத்தது. "பேரு இருக்கே. யாருக்க பேரு?"

"என் அம்மா பேர். ஒன்பது மாதம்."

அவள் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. கல்லைத் தொட்டு நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஜெபின் ஓடி வந்தார். "ஏ, ஏ! என்ன செய்யுகிய? அது அம்மன் வாசலு! மீனக் கொண்டு வெச்சிருக்கிய!"

"அம்மன் இல்லலே மக்கா. அம்மையாக்கும்" என்றாள் அவள். "வயித்துப் பிள்ளையோட செத்துப் போனவளுக்கு நடுக கல்லு. ஒனக்க வீட்டுல கேளு, சொல்லித் தருவாவ."

ஜெபின் என்னைப் பார்த்தார். என் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும், கழுத்தில் தொங்கிய தன் அடையாள அட்டையைச் சும்மா இரண்டு தடவை நேராக்கினார். மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். கடைசியில், வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல், சருவத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"சாளையா?"

"சாளை. விடியக் கரையேறினது."

எங்கள் அம்மா மேல் வைத்துக்கொண்டு மீன் பேரம் நடந்தது. செவுளைத் தூக்கிப் பார்ப்பதும், இது நேற்றையது என்பதும், கண்ணைப் பாரு மக்கா என்பதும். நான் கல்லின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுதேன், மறைக்கவில்லை. அந்த மீன் நாற்றத்தில் அவ்வளவு நிம்மதியாக இருந்தது. என் வீட்டுக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, போர்டை விட்டு ஓர் அடிகூட நகராமல் நின்றார்.

பேரம் முடிந்து ஜெபின் மீனோடு சமையல்கட்டுக்குப் போனார். அவள் சும்மாட்டை மறுபடி சுருட்டித் தலையில் வைத்தாள். மிச்ச மீன் இருந்த சருவத்தை எடுக்கக் குனியப் போனவள் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எடுக்கட்டா அம்மா?"

எடுங்கள் என்று சொல்லத்தான் வேண்டும். அவளுக்கு இன்னும் எத்தனை வீடு ஏறி இறங்க வேண்டுமோ, ஐஸ் வேறு கரைந்துகொண்டிருந்தது. கல்லின் காலைப் பிடித்த கையை நான் எடுக்கவில்லை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையிலிருந்து சும்மாட்டை எடுத்து உதறினாள்.

"செரி, இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கல்லின் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.